ஆகாய சூரன் தூக்கிய லாரி

நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர்கள் வண்டியின் முகப்பில் முருகனையோ மாரியம்மனையோ எழுதி வைத்துவிட்டு, மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்தார்கள். சென்னிமலைக்கு அது போதவில்லை. அவர் தன் லாரியின் நெற்றியில் ஆகாய சூரனை எழுதி வைத்திருந்தார்.

ஆகாய சூரன் எந்தக் கோயிலிலும் இல்லாத ஆள். தெலுங்கில் எடுத்துத் தமிழில் பேசவைத்த ஒரு படத்தின் கதாநாயகன். முதுகில் சிவப்புத் துணி படபடக்க வானத்தில் பறப்பான். துப்பாக்கிக் குண்டை வெற்றிலைபோல வாயில் வாங்கித் துப்புவான். எழுபத்தாறாம் வருசம் சென்னிமலை இன்னொருவர் லாரியில் கிளீனராக இருந்தபோது, சூரமங்கலம் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் அந்தப் படம் ஓடியது. லோடு இறக்கக் காத்திருக்கும் பகலெல்லாம் அவர் அங்கேதான் கிடந்தார்.

அதிலும் ஒரு கட்டம் இருக்கிறதே! பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு வில்லன் வேனில் ஓடுகிறான். சூரன் கீழே இறங்குகிறான், ரோட்டோரம் நின்ற லாரியை ஒற்றைக் கையால் தூக்குகிறான், சுழற்றி வீசுகிறான். லாரி வேனுக்கு முன்னால் போய் விழுந்து நொறுங்கி வழியை மறிக்கிறது. பிள்ளைகள் பிழைத்தார்கள். கொட்டகைக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி விசில் பறக்கும். சட்டைப் பைக்குள் கிழித்து வைத்திருந்த காகிதத்தை எல்லாம் சென்னிமலை அந்த இடத்தில்தான் வாரி இறைப்பார்.

அப்புறம் பத்து வருசம் அவர் வாயில் வேறு கதை கிடையாது. டீக்கடையில் அவர் பக்கத்தில் தெரியாத்தனமாக உட்கார்ந்தவன் தொலைந்தான். லாரியை எப்படித் தூக்கினான், எப்படி வீசினான் என்று பெஞ்சை ஆட்டிக் காட்டிவிட்டு, பொதுநலம் என்றால் அதுதான், நாட்டுக்கு அப்படி ஒருத்தன் போதும் என்று முடிப்பார். இதற்கிடையில் பயிர் வைத்திருந்த தன் காட்டில் ஒரு பாகத்தை விற்று லாரி வாங்கினார், முட்டை லோடு ஏற்றினார், தொப்பை வளர்த்தார், முதலாளி ஆனார். பட்டறையில் வண்டிக்குப் படம் எழுதும் கைலாசம் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. சென்னிமலை வாயால் சொல்லச் சொல்ல அவன் எழுதியதில் சூரன் கிட்டத்தட்ட அய்யனாராக வந்துவிட்டான். வழியில் வண்டி நின்றால் சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த லாரிக்கு டிரைவர் பொன்னன். வாய் திறந்து பேசாத, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காத மனுசன். ஒரு நாள் மெட்ராசுக்கு முட்டை ஏற்றிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் போகையில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஐஸ் வண்டியின் மணியைக் கேட்டுப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வந்தார்கள். பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது என்று பொன்னனுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தான். லாரி ரோட்டை விட்டு இறங்கிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்து ஒரு பனைமரத்தில் முட்டி நின்றது. பிள்ளைகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. லாரிக்குத்தான் மூஞ்சியே இல்லை. முட்டை முக்கால்வாசி காட்டுக்கு உரமானது. மிச்சத்தைக் குண்டா குண்டாகப் பொறுக்கிப் போனவர்கள் வீட்டில் அந்த வாரம் வேறு குழம்பே கிடையாது என்று கேள்வி.

சென்னிமலை போய்ப் பார்த்தபோது பிள்ளைகளின் தாய்மார்கள் பொன்னனைச் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு இன்னும் பற்றி எரிந்தது.

"கும்புடறவங்க ஊட்டுலயே போயி வேலை கேட்டுக்கோ. என்ற வண்டிய இனித் தொடாதே," என்றார்.

பொன்னன் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனான்.

லாரிக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு முதலாளி வண்டியை விட்டு இறக்கிய டிரைவரை, அவரே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும் வரைக்கும், இன்னொரு முதலாளி ஏற்றமாட்டார். கல்கத்தா வரை வண்டி ஓட்டிய பொன்னன், பொண்டாட்டி அங்கம்மாளோடு அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்கப் போனான். சென்னிமலையின் மனைவி வசந்தாமணி, அங்கம்மாள் முகத்தில் விழிக்க முடியவில்லை, அவனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பொம்பளைக்கு லாரித் தொழிலைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் அவள் வாயை அடைத்தார். அதன்பிறகு அவள் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், பேச்சைப் பரிமாறவில்லை.

வண்டிக்குப் புது மூஞ்சி கட்டி முடிந்தது. இந்தத் தடவையாவது சூரன் சூரனாகவே வரவேண்டும் என்று சென்னிமலை சொல்லிவிட்டார். பார்க்காத ஆளை எப்படி எழுதுவது என்று கைலாசம் தலையைச் சொறிந்தான். டவுனில் அப்போதுதான் வீடியோக் கடைகள் முளைத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னிமலை வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்து இறங்கின, அந்தப் படத்தின் கேசட்டும் வந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கைலாசம் பென்சிலும் காகிதமுமாக முன்னால் உட்கார்ந்தான். சென்னிமலை நாற்காலியில், மாப்பிள்ளைத் தோரணையில்.

படம் ஆரம்பித்தது. சூரன் பறந்து வந்தான். இடுப்பில் கம்பி கட்டியிருப்பது பளிச்சென்று தெரிந்தது. சென்னிமலை டிவியைத் துடைத்துப் பார்த்தார், கம்பி போகவில்லை. சூரனுக்குத் தொப்பை வேறு இருந்தது. பத்து வருசமாக அவர் மனசில் இருந்த சூரனுக்குத் தொப்பை கிடையாது. போதாக்குறைக்கு, ஊரில் பாலம் கட்டவேண்டும் என்று வில்லன் பேசியது இப்போது கேட்க நியாயமாகக்கூடப் பட்டது. அடடா, கண்ணைத் திறந்துகொண்டு பார்த்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

லாரிக் கட்டம் வந்தது. சூரன் லாரியைத் தலைக்கு மேல் தூக்கியதும், அந்த நிற்கிற வாகு வேண்டும் என்று கைலாசம் படத்தை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினார்கள். அவன் வரைய ஆரம்பித்தான். சென்னிமலைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சூரன் கையில் இருந்த லாரியைப் பார்த்தார்.

நல்ல வண்டி. பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. முகப்பில் காலையில் யாரோ வைத்த மஞ்சளும் குங்குமமும் இருந்தன. தார்ப்பாயைச் சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பின்பக்க இடுக்கில் மூட்டை மூட்டையாக நெல் தெரிந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"முழு லோடுடா அது. பக்கத்துல வெறும் வண்டி ஒண்ணு நிக்குதே, கண்ணு தெரியலையா உனக்கு," என்று சூரனைக் கேட்டார்.

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இது யாருடைய வண்டி என்று கைலாசத்தை அதட்டினார். சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருப்பார்கள் என்றான் அவன். வாடகையைக் கேட்கவில்லை, கதைப்படி யாருடையது என்றார். கதையில் அப்படி ஒருவரும் இல்லை. படத்தை ஓடவிட்டார்கள். லாரி விழுந்து நொறுங்கியது, பிள்ளைகள் தாய்மார்களைக் கட்டிக்கொண்டன, சூரன் கையாட்டிவிட்டு மேகத்துக்குள் போய்விட்டான். எடுத்த வண்டியை ஒரு வார்த்தை கேட்டு எடுத்தானா? போகும்போதாவது சொல்லிவிட்டுப் போனானா?

பின்னால் ஓட்டி மறுபடி போடச் சொன்னார் சென்னிமலை. இந்தத் தடவை படம் நின்றபோது மூலையில் ஒரு டீக்கடை தெரிந்தது. அதன் வாசலில் காக்கிச் சட்டை போட்ட லாரி டிரைவர் ஒருவன் நின்றான். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கை தலையில். கொட்டகையில் அத்தனை நாள் கிடந்தும் சென்னிமலை அவனைப் பார்த்ததே இல்லை. பாவி, ஒரு வாய் டீ குடிக்க இறங்கினானே!

"அவன் பாட்டுக்குப் பறந்துட்டான். இந்த டிரைவர் போயி மொதலாளிகிட்ட என்னன்னு சொல்லுவான்?" என்றார். "பிள்ளைங்களக் காப்பாத்தத்தான் வண்டி போச்சுன்னு சொன்னா, அந்த மொதலாளி கேப்பானா?"

கைலாசம் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற வசந்தாமணி வெகு நாளைக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"கேக்கமாட்டாருங்க. அப்படி ஒரு மொதலாளியை எனக்கே தெரியும்."

சென்னிமலைக்குக் காது வரைக்கும் சுட்டது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபப்பட ஆள் கிடைக்காமல் சூரனையே பிடித்துக்கொண்டார். அவன் ரவுடி, ஊரார் சொத்தை உடைத்துப் பேர் வாங்குகிற வெட்டிப்பயல் என்று திட்டித் தீர்த்து, வண்டியில் முருகனையே எழுதிவிடச் சொல்லிக் கைலாசத்தை அனுப்பினார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பொன்னன் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த காட்டுக்குப் போனார். நேரே விசயத்துக்கு வர வாய் வரவில்லை. ஆகாய சூரனின் அக்கிரமங்களை வரப்பில் நின்றபடி வரிசையாகச் சொன்னார். பொன்னனுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டினான். அப்போதுதான் அவன் நெற்றியில் தையல் போட்ட வடு கண்ணில் பட்டது. பனைமரத்தில் முட்டியபோது பட்ட அடி. அன்றைக்கு அதை அவர் கேட்கவே இல்லை.

சாவியை எடுத்து நீட்டினார். வண்டி தயார், நாளைக்கு லோடு என்றார்.

பொன்னன் கையை நீட்டவில்லை.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க, மொதலாளி. நாளைக்கே பிள்ளைங்க குறுக்கால வந்தாலும் நான் வண்டியக் காட்டுக்குள்ளதான் உடுவேன். மறுக்கா இறக்கி உடறதா இருந்தா, இப்பவே சாவிய வச்சுக்குங்க."

சென்னிமலையின் கண் முன்னால் புது ரேடியேட்டரும் புதுக் கண்ணாடியும் வந்து நின்றன. சேலத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று மனசு தானாகவே அலைந்தது.

"முழு லோடு இருந்தாலுமா?" என்றார்.

"இருந்தாலுந்தானுங்க."

அங்கம்மாள் கடலைச் செடியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னிமலை சாவியைப் பொன்னன் கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கி மூடினார்.

"உடு சாமி. உனக்கு அடிபடாமப் பார்த்து உடு," என்றார்.

சொல்லி முடித்ததுமே புது ரேடியேட்டர் மறுபடி கண் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.