எமிலின் கக்கத்தில் நிற்கும் காற்று

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் தம்பியின் இறுதிச் சடங்கில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ‘நான்’ என்று எழுதினால் கோபம் எழுத்தை முந்துகிறது. ஆகவே என் பெயர் இங்கே மகேந்திரராஜா.

2

முதல் தொடக்கம்: ஜெர்மனியின் கொலோன் நகர மயான மண்டபத்துக்கு வெளியே மழை மெல்ல... (விட்டுவிட்டேன். அன்று மழை இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: தேவாரம் முடிந்தது. தம்பி யோகலிங்கத்தின் பெட்டியருகே மகேந்திரராஜா நிமிர்ந்து நின்றார். பாவாடை கட்டிய வெள்ளைக்காரன் ஒருவன், பேக்பைப் எனும் ஸ்கொட்லாந்துக் காற்றுப்பைக் குழலைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலில் வந்து நின்றான்.

“ஆர் இவன்?”

“எமில், பெரியப்பா. அப்பாவோடை ஊதுறவர்,” என்றாள் யோகலிங்கத்தின் மகள் ஆதிரை.

“அப்பாவோடையோ?”

“ஓம். பதினொரு வருசம். அப்பாவும் ஜெர்மன்காரரின்ரை செத்தவீடுகளிலை ஊதினவர். இதே பாவாடையோடை.”

3

இந்த இடத்தில் மகேந்திரராஜாவை மயங்கி விழவைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் விழுகிற ஆள் இல்லை.

“எங்கடை குடியிலை ஆரும் வாத்தியம் தொட்டதில்லை. செத்தவீட்டிலை ஊதுறதோ? அதுக்கெண்டு வேறை ஆக்கள் இருக்கினம்!”

“இப்பிடிச் சொல்லுவியள் எண்டுதான் மறைச்சவர். இந்த மண்டபத்திலை உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.”

(அடிக்குறிப்பு: பின்வரிசையில் இருபது ஜெர்மன்காரர்கள். தம்பியோடு வேலை செய்தவர்கள் என்று நினைத்துக் கும்பிட்டேன் — மகேந்திரராஜா கும்பிட்டார். எல்லோர் வீட்டுச் சாவிலும் தம்பி ஊதியிருக்கிறான்.)

ஊதியதைக்கூடப் பொறுக்கலாம். ஊரறிய, அண்ணன் மட்டும் அறியாமலா? அண்ணனுக்கு அவ்வளவுதானா மதிப்பு? [மறுமொழி தெரியும். எழுத மாட்டேன்.]

4

முடிவு ஒன்று: எமிலை வெளியே அனுப்புகிறார். மானம் தப்புகிறது. ஆதிரை அதன்பின் அவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

முடிவு இரண்டு: இசை எழும்ப, அவர் கண்ணீர்... இல்லை. அவர் அழவில்லை. பொய் எழுத இந்த வயதில் ஏலாது.

நடந்தது இதுதான். எமில் பையை ஊதி நிறைத்தான். பாட்டைத் தொடங்காமல் மகேந்திரராஜாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறான்?”

“‘அண்ணை தலையாட்டினால்தான் ஊது’ எண்டு அப்பா அவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்,” என்றாள் ஆதிரை. “ஊராற்றை சாவுக்கெல்லாம் ஊதின மனிசனுக்கு ஒருத்தரும் ஊதக்கூடாதோ, பெரியப்பா?”

அந்தத் தலை அசைந்ததா என்று எழுத ஐந்து முறை பேனாவை எடுத்துவிட்டேன். என் கழுத்து இன்னும் விறைத்தே இருக்கிறது. தம்பி உள்ளவர் எவராவது இதை வாசித்தால், நீங்களே முடிவு செய்யுங்கள்.

கெதியாகச் செய்யுங்கள். அந்தப் பை அதிக நேரம் தாங்காது.