திறந்து கிடந்த நோய்க்குறிப்பு

மலையாளத்து ஆடியான கர்க்கடகம் பிறந்து பதினோரு நாள். வானம் தாழ்ந்து இருண்டு, பாரதப்புழை ஆற்றின்மேல் ஓயாது பெய்கிறது. கரைமரங்கள் தலை கவிழ்ந்து நிற்கின்றன. ஒற்றப்பாலத்தில் இருபதாண்டுகளாக இம்மழையைக் கேட்டு வாழ்பவன் நான். இக்கதையைத் தந்தவள் அண்டைவீட்டு நர்ஸ் அம்பிளி. சொல்லலாகாததை அவள் அழுதுகொண்டே சொன்னாள். எழுதலாகாததை நான் எழுதுகிறேன்.

1

முதல் தொடக்கம்: "வினயாவுக்கு வந்த நோய்…"

[வேண்டாம். அடுத்து எழுதிய நோயின் பெயரை அடித்துவிட்டேன்.]

2

வினயா, அம்பிளியோடு தினமும் ஒரே பேருந்தில் வந்துபோகும் இளைய தோழி; அவளை அக்காவாக எண்ணி 'சேச்சி' என்பாள். அம்பிளியின் மருத்துவமனையிலேயே, மேல்மாடி வார்டில் படுத்திருந்தாள். அவளுக்காகக் கோயிலில் புஷ்பாஞ்சலி செய்ய அம்பிளி எண்ணினாள். வழிபாட்டுச் சீட்டுக்குப் பெயரோடு நட்சத்திரமும் வேண்டும். பிறந்த தேதி கிடைத்தால் நட்சத்திரம் கிடைக்கும். கணினியில் வினயாவின் குறிப்பைத் திறந்தாள். தேதிக்குக் கீழே நோயின் பெயர் இருந்தது. உறைந்து நின்றவளை நோயாளியின் அழைப்புமணி இழுத்தது. திரையை மூடாமல் ஓடினாள்.

அப்போது அங்கே வந்தவள் ஆய்வகத்து ரமணி. வினயாவை மணக்கவிருந்தவனின் அக்காள்.

மூன்றாம் நாள், அந்நோயின் பெயரைச் சொல்லியே மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்தனர்.

[ரமணியைக் கொடியவளாக்கி ஒரு பத்தி எழுதினேன். பொய்யாக ஒலித்தது. தம்பியிடம் அதைச் சொல்லாதிருக்கும் அக்காள்மார் எத்தனை பேர்?]

3

அம்பிளி மாடியேறிக் கட்டிலருகே நின்றாள்.

"நான்தான் திறந்தேன், வினயா. உன் நட்சத்திரம் தெரியணும்னு."

"என்னைக் கேட்டா வாயில முத்தா உதிர்ந்திடும்?"

"உனக்குத் தெரியாம வேண்டிக்கலாம்னு…"

"நல்லா வேண்டிக்கிட்டே, சேச்சி. எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

திறந்தவர் பெயரெல்லாம் கணினியில் பதிந்திருக்கும். அம்பிளி விசாரித்துத்தான் வந்திருந்தாள்.

"பதினாலு. எட்டுப் பேர் உன்னைக் கவனிக்கிற டாக்டரும் நர்சும். ஒண்ணு நான்."

"ரமணி?"

"அவ பேரே அதுல இல்ல. என் பேர்ல திறந்து கிடந்ததைத்தான் படிச்சிருக்கா."

"மத்த அஞ்சு பேரும் எனக்குப் பூப்போடவா வந்தாங்க?"

அம்பிளி கட்டில் விளிம்பில் உட்கார…

4

முடிவுகள் மூன்று எழுதினேன். வினயா அவள் கையைப் பற்றிக்கொள்கிறாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். புகார் எழுதுகிறாள், அம்பிளியின் வேலை போகிறது.

நடந்தது இவற்றுள் ஒன்று. எதுவென அறிவேன், உரையேன். கேளாமல் திறந்தவர் வரிசையில் நானும் நிற்கிறேன். என் பின்னே நீங்கள். பெயர்களை மாற்றினேன், ஊரையும் மாற்றினேன். என்னால் மூட முடிந்தது இவ்வளவே. நோய் எதுவென ஊகிக்காமல், மீதியை நீங்கள் மூடுங்கள்.

விளக்கேற்றிக் கைகூப்புகிறேன். யாருக்கென்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிணி தீர்க. தன் யாக்கையின் செய்தி தன்னிடமே தங்க, அவள் நெடிது வாழ்க.