சிக்னல் அக்காவின் தலையசைப்பு

அந்த ஓட்டலின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் சிக்னல் அக்காவின் தலை அசையாமல் ஒரு மெஷினும் ஓடாது. துணியை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், சோப்பை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். பட்டனை அழுத்தும் முன் மட்டும் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எப்போதோ ஒரு சிவப்புத் துணி வெள்ளை விரிப்புகளோடு கலந்து எல்லாம் ரோஜா நிறமாகிப்போனதில் பிறந்த சட்டம் அது. பட்டப்பெயரும் கூடவே பிறந்தது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமையே இப்போது கழுத்தைப் பிடித்தது. அவள் கணவன் வேறொரு நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. அதே நகரத்தில் ஓட்டல் முதலாளிகள் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே சலவைக்கூடத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். மேனேஜர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"நீங்க இல்லாம இந்த இடம் ஓடணும்க்கா. ஒரு நாள் காலைல ஓட்டிக் காட்டுங்க. அந்த வேலை உங்களுக்குத்தான்."

ஓட்டிக் காட்ட வேண்டியவள் அக்காவுக்குக் கீழே வேலை பார்க்கும் நெட்டை. உயரமானவள், கெட்டிக்காரி, வாயே திறக்காதவள். அக்கா அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எதைச் சுடுதண்ணீரில் போடுவது, எதைத் தனியாக ஊறவைப்பது, உணவுக்கூடத்து மேசைவிரிப்பின் எண்ணெய்க்கறைக்கு என்ன செய்வது, ஒன்றையும் விடவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொறுமை போய்விடும். "தள்ளு, நானே பண்ணிடுறேன்" என்று கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வாள். கற்றுக்கொடுப்பது இவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் காலையில் அவளை மேனேஜர் தன் அறையில் உட்காரவைத்தார். கண்ணாடிச் சுவர், கீழே கூடம் முழுக்கத் தெரியும். முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. நெட்டை அழுக்குத் துணியைப் பிரித்தாள், ஆட்களுக்கு வேலை சொன்னாள், எல்லா மெஷினையும் நிரப்பிக் கதவைச் சாத்தினாள். பட்டனில் விரலை வைத்தாள்.

வைத்தவள் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

அவள் பார்த்ததும் கூடமே பார்த்தது. 'அழுத்தித் தொலையேண்டி' என்று அக்கா பல்லைக் கடித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள். மேனேஜரின் போன் அடித்தது. எந்த மாடியிலோ துண்டு இல்லையாம். மறுபடி அடித்தது. உணவுக்கூடத்திலிருந்து மேசைவிரிப்பு எங்கே என்றார்கள். அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. இதற்கா இவ்வளவு தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினோம் என்று இருந்தது.

தலையை ஆட்டிவிட்டாள்.

மெஷின்கள் ஒன்றாக உறுமின. மேனேஜர் எழுந்து கீழே போனார். அக்காவும் பின்னாலேயே இறங்கி, நேராக நெட்டையிடம் போனாள்.

"எல்லாம் தெரியும்ல உனக்கு? என் பொழப்பக் கெடுக்கணும்னே நின்னியா?"

"ஒரு தடவ நானா போட்டேன்க்கா" என்றாள் நெட்டை. "நீங்க மெஷின நிறுத்தி, ஈரத்தோட எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டீங்க. என்ன தப்புன்னு கேட்டேன். தப்பு ஒண்ணும் இல்ல, என்னைக் கேக்காமப் போட்டதுதான் தப்புன்னீங்க. எல்லார் முன்னாலயும். அப்புறம் நான் எப்படிக்கா அழுத்துவேன்?"

அக்காவுக்கு அது நினைவே இல்லை. ஆனால் அந்த வார்த்தை தன்னுடையதுதான் என்பதில் சந்தேகமும் இல்லை. சண்டை போட வந்தவள், துணிக்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் போய் ஒவ்வொரு மெஷினாப் பாத்தேன்க்கா. துணி, சோப்பு, சூடு எல்லாம் கச்சிதம். அந்தப் பொண்ணு உங்களைப் பாத்ததுதான் பிரச்சினை. அங்க அவளுக்குப் பாக்க ஆள் கிடையாது, தானா அழுத்திடுவா."

"அங்கன்னா?"

"புதுக் கிளைக்கு அவளை அனுப்புறேன். உங்களை அனுப்பினா இங்க மத்தவங்க யாரும் அசைய மாட்டாங்க. இன்னைக்கு நானே பாத்தேனே."

அவள் வாதாடினாள், கெஞ்சக்கூடச் செய்தாள். அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு மாறவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவன் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, மூட்டை கட்டியாச்சா?"

"நான் வரல."

"ஏன், உன் நெட்டை தேறலையா?"

"தேறிட்டா" என்றாள். "அவதான் அங்க வர்றா."