பழைய முகவரி யாருக்கு

கடையின் நடுவில் பலகைத் தடுப்பு அடித்து முடித்த அன்றே அண்ணனும் தம்பியும் மூத்த மருமகளைக் கூப்பிட்டார்கள். தடுப்புக்கு இடப்பக்கம் அண்ணன், அவளுடைய மாமனார். வலப்பக்கம் தம்பி, அவளுக்குச் சின்ன மாமா. தண்ணீர் மோட்டாருக்கு உதிரிப் பாகம் விற்கும் அந்தக் கடையில் முப்பது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள், மின்விசிறியை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் முறுக்கிக்கொண்டு, போன மாதம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஏணி, தராசு, தண்ணீர் கேன் எல்லாம் பிரித்தாகிவிட்டது. பிரிக்காமல் மிச்சம் இருந்தது வெப்சைட் ஒன்றுதான்.

"அதையும் ரெண்டாக்கிடும்மா," என்றார் மாமனார், தம்பி இருக்கும் திசையைப் பார்க்காமல்.

ஏதோ துணி கிழிப்பதுபோலச் சொல்லிவிட்டார். அது அவள் ஒன்பது வருஷமாகக் கட்டியது. இரண்டாயிரத்து முந்நூறு பக்கங்கள், பாகத்துக்கு ஒன்றாக. எந்த மோட்டாருக்குப் பொருந்தும், அளவு என்ன, எப்படிக் கழற்றுவது, எந்த இடத்தில் விரல் நசுங்கும், எல்லாம் அவள் எழுதியது. கிரீஸ் பிசுக்கோடு பாகத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் போட்டோ எடுத்ததும் அவள்தான். சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு ஒன்று அவள் இடது கட்டைவிரலுக்குக் கீழே உண்டு. எல்லாப் படத்திலும் அதுவும் விழுந்திருக்கும். இத்தனை வேலைக்கும் வீட்டில் வைத்திருந்த பெயர், "அவ கம்ப்யூட்டர்ல ஏதோ நோண்டிட்டிருக்கா" என்பதுதான்.

பக்கங்களின் முகவரியை அவள் ரொம்ப யோசித்து வைத்திருந்தாள். கடையின் பெயர், பிறகு மோட்டாரின் வகை, பிறகு பாகத்தின் பெயர். அவ்வளவுதான், வால் கிடையாது. தேடுபொறி வந்து ஒவ்வொன்றாகப் படித்துத் தன் பட்டியலில் ஏற்றிக்கொண்டது. மற்ற தளங்களில் இருந்த மெக்கானிக்குகள் அந்த முகவரியைத்தான் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு மொட்டைமாடியில் தொட்டி நிறையாமல் தவிக்கும் ஒருவர் "மோட்டார் சீல் ஒழுகுது" என்று தட்டினால் முதலில் வருவது அவள் பக்கம். அதனால்தான் காலை ஒன்பது மணிக்கே கடையில் போன் அலறும். அண்ணனும் தம்பியும் அதைத் தங்கள் கைராசி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன மாமாவுக்கு ஒரு மாப்பிள்ளை. எங்கோ மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து நிபுணர். அவர்தான் திட்டம் போட்டார். "பெரிய கடைன்னு ஒரு ஃபோல்டர், சின்ன கடைன்னு ஒரு ஃபோல்டர். எல்லாப் பக்கமும் ரெண்டுலயும் இருக்கட்டும். வாசல் ரெண்டானா வர்றவங்களும் ரெண்டு மடங்கு."

"ஒரே எழுத்து, ஒரே படம், ரெண்டு முகவரியில இருந்தா எது அசல்னு தேடுபொறிக்குத் தெரியாதுங்க," என்றாள் அவள். "ஏதாவது ஒண்ணைத்தான் எடுத்துக்கும், மத்ததை ஓரமா தள்ளிடும். அதைவிட முக்கியம், பழைய முகவரி. ஒன்பது வருஷமா சேர்ந்த பேர் அதுலதான் இருக்கு. அதைத் தட்டினவங்களைப் புது இடத்துக்குத் திருப்பிவிடணும். ஆனா ஒரு இடத்துக்குத்தான் திருப்ப முடியும். எந்தக் கடைக்கு?"

"இதுல என்ன கேள்வி? மூத்தவன் நான் இருக்கேன்," என்றார் மாமனார்.

"மூத்தவருன்னா? கடைக்கு இடம் பாத்தது யாருன்னு கேளும்மா உங்க மாமாவை," என்றார் சின்ன மாமா. இருவரும் அவள் வழியாகத்தான் பேசினார்கள்.

அரைமணி நேரம் இப்படியே போனது. கடைசியில் மாப்பிள்ளை எழுந்து சமாதானத் தூதர் மாதிரி கையை விரித்தார். "ரெண்டு பேருக்கும் வேண்டாம். பழைய முகவரியை எடுத்துடலாம். எல்லாம் ஃப்ரெஷ்ஷா ஆரம்பிப்போம்."

அண்ணனும் தம்பியும் ஒரு மாதத்தில் முதல்முறையாக ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கும் கிடைக்காது என்றால் அது நியாயம் என்று இருவருக்கும் பட்டது. அவள் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னால் அவன், "பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க, விடேன்," என்று சட்டையைக் கழற்றி மாட்டினான். அவளும் விட்டாள். அதற்காகத் தன்னையே அவள் பிறகு எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அவள் திறந்து கொடுத்த கணினியில் மாப்பிள்ளை இரண்டே நாளில் வேலையை முடித்தார். பழைய முகவரி எதைத் தட்டினாலும் "இந்தப் பக்கம் இல்லை" என்று வந்தது. தேடுபொறி வந்து பார்த்தது, இல்லை என்றது, மறுபடி வந்து பார்த்தது, பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. புதிதாக முளைத்த நாலாயிரத்து அறுநூறு பக்கங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவற்றில் தேடுபொறி அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக்கொண்டு அதையும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தது. ஒரு மாதத்தில் போன் அடங்கிவிட்டது. தடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பெரியவர்கள் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்கள்.

ஒருநாள் வழக்கமாக வாங்கும் பிளம்பர் ஒருவர் அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்தார். "அட, கடை இருக்கா! நெட்ல உங்களைக் காணோமே, மூடிட்டீங்கன்னு நினைச்சு வேற எடத்துல வாங்கிட்டிருக்கேன்," என்றார். உயிரோடு இருக்கிறவளிடமே அவள் சாவுக்குத் துக்கம் விசாரித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விசாரணை வைத்தார்கள். விசாரித்தது யாரை? அவளைத்தான்.

"பிரிச்சது பிடிக்கலைன்னு மனசுல வச்சுக்கிட்டு இவ சரியா பாக்கலை," என்றார் சின்ன மாமா.

"பாஸ்வேர்டை எங்கிட்ட குடுத்துடுங்கக்கா, இனிமே நான் பாத்துக்கறேன். உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை, ரொம்பக் கனிவாக.

மாமனார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவார் என்று அவள் பார்த்தாள். அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம், இரண்டாயிரத்து முந்நூறு பக்கம், ஒரு டம்ளர் மோருக்கு முன்னால் நிற்கவில்லை. சொல்லிக்கொள்ள அவளுடையது என்று இருந்த ஒரே வேலையும் சாயங்காலத்துக்குள் கைமாறிவிடும் போலிருந்தது.

"அத்தை, உங்க போனைக் குடுங்க," என்றாள். மாமியாரின் போனில் "மோட்டார் சீல் ஒழுகுது" என்று தட்டி, முதலில் வந்ததைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். ஊரின் இன்னொரு முனையில் இருக்கும் போட்டிக் கடையின் பக்கம். எழுத்து முழுக்க அவளுடையது, "இங்கே விரல் நசுங்கும், ஜாக்கிரதை" வரைக்கும். எப்போதோ காப்பியடித்து வைத்திருக்கிறார்கள். அசல் இருந்தவரை அது தேடல் முடிவுகளின் பத்தாவது பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அசல் போனதும் எழுந்து முன்னால் வந்துவிட்டது.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிலிருந்த படத்தின் மேல் குனிந்தார். "இது உன் கையில்ல? இந்தச் சூட்டுக்கு மருந்து போட்டவ நானாச்சே. உன் கை எதுக்கு அடுத்தவன் கடையில இருக்கு?"

மாமனார் எகிறினார். "திருட்டுப் பய! கேஸ் போடறேன் பாரு!"

"இவர் எப்படிப் போடுவாரு? போட்டோ எடுத்தப்போ கடை பொதுவா இருந்துச்சு, எனக்கும் உரிமை இருக்குன்னு சொல்லும்மா," என்றார் சின்ன மாமா.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தாள்.

"போதும்! கை என்னது, எழுத்து என்னது. உங்க ரெண்டு பேருக்கும் அதுல ஒரு கமா கூடக் கிடையாது. அவன் திருடினான், சரி. திருடறதுக்கு வாகா என் பக்கத்தைக் கொன்னு போட்டது யாரு? அண்ணனுக்குப் போயிடக் கூடாது, தம்பிக்குப் போயிடக் கூடாதுன்னு ஊரான்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு, என்னை உட்கார வச்சு விசாரிக்கறீங்களா? வெட்கமா இல்லை?"

அந்த வீட்டில் அவள் குரல் அந்த அளவுக்கு ஏறியதில்லை. கணவன் "ஏய்" என்று ஆரம்பித்தான். "நீ சும்மா இருடா," என்றார் மாமியார்.

அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து அதே மேசையில், எச்சில் தட்டுகளுக்கு நடுவில் திறந்தாள். தான் பிரதி எடுத்து வைத்திருந்த பழைய பக்கங்களைப் பழைய முகவரியிலேயே திரும்ப ஏற்றினாள். பெரிய கடை என்று தட்டினாலும் சின்ன கடை என்று தட்டினாலும் அங்கேயே போய்ச் சேரும்படி இரண்டு ஃபோல்டரையும் திருப்பிவிட்டாள். பக்கத்தின் அடியில் இருந்த இரண்டு போன் நம்பரையும் எடுத்துவிட்டு, கடையில் தடுப்பு முடிகிற இடத்தில் இருக்கும் தன் மேசை நம்பரைப் போட்டாள். கடைசியாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தபோது திரையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையே மாமனார் கேட்டார். "என்னம்மா, போன் வரலையே?"

"ரெண்டு நாள்ல இடிச்சீங்க மாமா. நம்மளை மறுபடி நம்பறதுக்குத் தேடுபொறிக்கு நாளாகும்," என்றாள். தினமும் அவள் உட்கார்ந்து திரும்பி வந்த பக்கங்களை எண்ணினாள். நாற்பது, நூற்றுப் பத்து, முந்நூறு. சில பக்கங்கள் வரவே இல்லை. அவற்றை நினைக்கும்போதெல்லாம் கோபம் புதிதாகப் பொங்கியது, அதை அவள் அடக்கவும் இல்லை.

ஆறாவது வாரம் அவள் மேசையில் போன் அடித்தது. இரண்டு பக்கமும் பேப்பர் இறங்கியது.

"அம்மா, எங்க ஆஸ்டல்ல மோட்டார் நின்னுபோச்சு. உங்க பக்கத்தைப் பாத்துதான் கழட்டியிருக்கேன்," என்றது ஒரு குரல். "பேசறது அந்தத் தழும்புக் கைக்காரம்மாதானே?"

"ஆமாங்க, நான்தான். சொல்லுங்க," என்றாள். மோட்டாரின் வகையைக் கேட்டு, சீலின் அளவைச் சொல்லி, எங்கே விரல் நசுங்கும் என்று எச்சரித்துவிட்டு போனை வைத்தாள்.

தடுப்பின் இரண்டு ஓரத்திலும் இரண்டு தலைகள் நீண்டிருந்தன.

"யாருக்கும்மா போன்?" என்றார் மாமனார்.

"எனக்கு," என்று சொல்லிவிட்டு அவள் சீல் எடுக்கப் போனாள்.