பச்சைக் குறி

திரையில் பச்சைக் குறி விழுந்து வெகுநேரமாகியும் சுகந்தினியால் உட்கார முடியவில்லை. மேசைக்கும், மாவனல்லைக் கடைவீதியைப் பார்த்த ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அதான் பச்சை விழுந்து ஈக்கி தானே தங்கச்சி. இன்னும் என்ன?" என்றார் நஜீப். வியாபாரிகளுக்குச் சின்னச் சின்னச் செயலிகள் செய்து கொடுக்கும் அந்த அலுவலகம் அவருடையது; அண்ணன் முறையில் அவரை 'நானா' என்பாள்.

"பச்சைன்னா நம்ம பக்கத்துல இருந்து போயிருச்சு, அவ்வளவுதான் நானா. அங்க யாராச்சும் எந்திரிச்சாங்களான்னு அது சொல்லாது."

அவள் பிறந்த ரப்பர் தோட்டத்துக்காக அவளே செய்த மழை எச்சரிக்கை அது. நிரல் எழுதும் வேலை அதிகமில்லை. கட்டங்களை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்துவிட்டால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபெக்டரிக் காவலாளி வேலுசாமி மழைமானியின் அளவைக் கைபேசியில் பதிவார். அளவு மண்சரிவு அபாய எல்லையைத் தாண்டினால், வெளியே ஒரு நிறுவனம் நடத்தும் குறுஞ்செய்திச் சேவையைச் செயலி தானாகக் கூப்பிடும். சரிவுக்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் எல்லா வீட்டுக்கும் 'உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்' என்று செய்தி போகும். இன்று மத்தியானம்தான் முதல் தடவையாக நிஜமாகவே கூப்பிட்டிருந்தது. லயத்தின் கடைசி அறை வீடான காம்பிராவில் அவளுடைய அம்மா மூக்காயி தனியாக இருந்தாள்.

அலுவலகத் தொலைபேசியில் வேலுசாமியைப் பிடித்தாள். ஃபெக்டரி வாசலில் நின்றால் லயத்து ரோட்டு தெரியும்.

"ஒருத்தரும் வரல்லியே புள்ள. நாயிதான் ஒன்னு போவுது."

"எல்லாருக்கும் மெஸேஜ் போயிருக்கு மாமா!"

"ஹரி, ஹரி, சரி. எனக்கு ஏன் கத்துற? நான் ஃபெக்டரியில தானே இருக்கேன்."

அவள் செயலியின் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தாள். சேவையின் பதிலைப் பார்த்தாள்: ஏற்றுக்கொள்ளப்பட்டது. மறுபடி பார்த்தாள். அதே பதில். நஜீப் கொண்டுவந்து வைத்த பிளேன்டீ ஆறிப்போனது.

தொலைபேசி அடித்தது. வேலுசாமிதான்.

"இப்ப வாராங்க புள்ள! பாய், சட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு. வெளங்காத விஷயம் என்னன்னா, எல்லாரும் போன்ல பேசிக்கிட்டே வாராங்க."

"அம்மா வருதா?"

"மூக்காயி அக்காவைக் காணோமே."

அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. கீழ் லயத்து சுப்பம்மாவின் மகன் தினேஷ், கொழும்பில் துணிக்கடை வேலையில் இருப்பவன்.

"அக்கா, என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி மெஸேஜ் அனுப்பியிருக்கீங்க. எந்த வகுப்புக்கு?" சிரித்தான். உடனே குரல் மாறியது. "பகிடி இல்ல அக்கா, பயந்துட்டேன். அம்மாவுக்கு போன் அடிச்சு ஏசி வெளிய அனுப்பிட்டேன். இங்க நம்ம லயத்துப் பொடியன்கள் எல்லாருக்கும் வந்திருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் பேசிட்டாங்க. மூக்காயி பெரியம்மாகிட்ட நீங்க சொல்லிட்டீங்க தானே?"

சுகந்தினி கைபேசியின் திரையைப் பார்த்தாள். அவன் அழைப்புக்குக் கீழே அதே செய்தி, படிக்கப்படாமல் கிடந்தது.

தோட்டத்தில் யார் போய் நம்பர் கேட்டாலும் எந்த வீடும் தன் நம்பரைச் சொல்லாது. சிம்மை அடிக்கடி மாற்றுவார்கள். இல்லையென்றால் ரீலோட் காசு போடாமல் இணைப்பு வெட்டுப்பட்டுப் போகும். அதனால் கொழும்பில் இருக்கும் பிள்ளையின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். செயலியின் பட்டியலில் அம்மாவின் பெயருக்கு எதிரே, யோசிக்காமல், சுகந்தினியும் தன் நம்பரைத்தான் அடித்திருந்தாள்.

அம்மாவுக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அழைத்தாள்.

"என்னாடி?"

"ஏம்மா இன்னும் வீட்டுல இருக்க? எல்லாரும் போறாங்கல்ல?"

"ஆமா, அவங்கவங்க புள்ளைக பேசிருச்சு, போறாளுக. என் புள்ள பேசலியே. சரிவப் பத்தி எல்லாம் தெரிஞ்சவ நீ. நீயே பேசலன்னா நம்ம வீட்டுக்கு ஒன்னுமில்லன்னு சும்மா இருந்துட்டேன்."

"இப்ப பேசுறேன். கெளம்பும்மா. எதையும் எடுக்காத."

"பொட்டக்கோழி அடையில இருக்கு..."

"அம்மா!"

"கத்தாத, கெளம்பிட்டேன். வை போன, சார்ஜ் எறங்குது."

"வைக்க மாட்டேன். கையிலயே வச்சுக்கிட்டு நட."

தகரத்தில் மழை விழும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு தகரம் போய் வெறும் மழை. ரப்பர் செருப்பு சேற்றில் ஒட்டி விடுபடும் சத்தம், அம்மாவின் மூச்சு, நடுவில் ஒரு கோழியின் கொக்கரிப்பு. சுகந்தினி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நடந்தாள். ஜன்னல், மேசை, ஜன்னல். நஜீப் நாற்காலியை அவள் வழியிலிருந்து நகர்த்தி வைத்தார். இணைப்பு அறுந்தது.

திரையில் பச்சை அப்படியே இருந்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கைபேசி திரும்ப அடித்தபோது அது சுப்பம்மாவின் நம்பர். பேசியது அம்மா.

"பள்ளிக்கூடத்துல இருக்கேன். என்னாமோ மெஸேஜ் அனுப்பினியாமே! ஊரு பூரா வந்திருக்கு, எனக்குத்தான் வரல. பெத்தவளுக்குக் கடைசியா அனுப்பலாம்னு இருந்தியோ?"

சுகந்தினி அப்போதுதான் உட்கார்ந்தாள்.