ஓயி ஆற்றில் தண்ணீர் வடியவில்லை

நெஞ்சளவு தண்ணீரில் ஒருவன் நடந்து போகிறான், தோளில் இருப்பவள் அவன் தலைமுடியைப் பற்றிக்கொண்டிருக்கிறாள், ஜப்பானில் முந்நூறு வருஷம் முந்தி இந்த ஓயி ஆற்றை இப்படித்தான் கடந்தார்கள், எடோ என்ற பழைய டோக்கியோவிலிருந்து கியோட்டோ வரை ராஜபாட்டை போட்டு, இருமருங்கும் பைன் மரம் நட்டு, ஐம்பத்து மூன்று சத்திரம் வைத்தவர்கள், இங்கே மட்டும் பாலம் கூடாது என்றுவிட்டார்கள், தலைநகருக்குப் படை வந்துவிடுமாம், தண்ணீர் ஏறிவிட்டால் பிரபுவும் கரையில் கிடக்க வேண்டியதுதான், நானும் அவர்களோடு பதினெட்டு நாள் கிடந்தேன், ஒரு பிரபுவுக்குப் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தேன், இதைச் சொன்னபோது, ஐம்பது வருஷமாக என் கதை ஒன்றைக்கூட நம்பாத என் மனைவி செண்பகம் நம்பினாள், அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அவளுக்கு மறதி முற்றியதும் மகள் பிரேமா அம்பாசமுத்திரத்து வீட்டை விற்றுவிட்டு எங்களைத் தான் வேலை பார்க்கும் இந்த ஆற்றங்கரைச் சிமாடா ஊருக்குக் கூட்டிவந்தாள், காலையில் எழுந்ததும் பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டு ஊருக்குப் போவோம் என்பாள் செண்பகம், வீடு இல்லையே என்று முதல் நாள் உண்மையைச் சொன்னேன், எழவு விழுந்ததுபோல் அழுதாள், மறுநாள் மறந்துபோய்த் திரும்பக் கேட்டாள், திரும்ப அழுதாள், ஒரு வீட்டை எத்தனை தடவை சாகடிப்பது, அதனால்தான் ஆற்றில் வெள்ளம், கடக்க விடமாட்டார்கள் என்றேன், அன்றிலிருந்து தினமும் கரையில் வந்து உட்காருகிறோம், ஏங்க, தண்ணி வடிஞ்சிட்டா என்பாள், இடுப்பளவு என்பேன், அடுத்த நாள் அக்குளளவு என்பேன், எதிரே கிடப்பதோ கூழாங்கல், மேலே அணைகள் குடித்ததுபோக ஓரமாக ஒரு கோடு தண்ணீர், அதற்கு மேல் அதே பழைய ராஜபாட்டைதான் இப்போது பாலமேறி லாரிகளைச் சுமந்துகொண்டு போகிறது, தேயிலை, கார் சாமான், அதற்கப்பால் புல்லட் ரயில், அவள் அண்ணாந்து பார்த்ததே கிடையாது.

இன்றைக்குப் பார்த்தாள்.

ஏங்க, அது பாலந்தானே. ஆமா. லாரி போகுதே. ஆமா. அப்பொ நாம ஏன் இங்கன உக்காந்திருக்கோம்.

தாமிரபரணி முதலைக்குப் பல் பிடுங்கிய கதையை மூச்சு விடாமல் சொன்ன வாய் இது, அவள் முகம் அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது, எனக்கு வேறென்ன செய்யத் தெரியும், அவள் முன்னால் கல்லில் குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினேன், ஏறு செண்பகம் என்றேன், யோசிக்கவேயில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள், எனக்கு மிஞ்சியிருக்கும் முடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள், எழுபத்தெட்டு வயசு முழங்கால், ஊன்றுகிறேன், ஊன்றுகிறேன், மெதுவா போங்க, இங்கன ஆழம் என்கிறாள் மேலேயிருந்து, சரி என்கிறேன், நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.