பதினைந்தாம் காவலாளி

அந்த வியாழக்கிழமை வரைக்கும் ‘ஏஜென்ட் ஆறரை’ என்ற வீடியோ விளையாட்டைப் பற்றி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் இணையத்தில் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது மயூரதியாக இருக்கக்கூடாதா என்றுதான் சிவகரன் ஒவ்வொரு நாளும் எழும்பிய கையோடு பார்த்தான். விளையாட்டைச் செய்தவன் அவன். மயூரதி அவனுடைய மனைவி. ஏழு வாரமாக அவள் உடப்பில், தாய் வீட்டில் இருந்தாள். அவன் சிலாபத்தில், இருவரும் சேர்ந்து தேடிப்பிடித்த மேல்மாடி வாடகை வீட்டில் இருந்தான்.

எழுதியவர்கள் குறைவாக ஒன்றும் எழுதிவிடவில்லை. முப்பது வருடத்துக்கு முந்திய கணினி விளையாட்டுகளைப் போலக் கட்டம் கட்டமாகத் தெரியும் படங்கள். அதற்கும் முந்திய காலத்து உளவாளிகளைப் போலக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட கதாநாயகன். ஏழாம் இலக்க உளவாளிக்கான பரீட்சையில் அரைப் புள்ளியால் கோட்டைவிட்டதால் அவனுக்கு ஆறரை என்று பேர். உப்பளத்துக்கு அடியில் ஒளிந்திருந்து உலகத்தை அழிக்கத் திட்டம் போடும் ஒருவனை அவன் துவக்கோடு தேடிப் போகவேண்டும். துப்பாக்கிச் சூடு பழைய பாணி, கடக்கவேண்டிய நிலைகளும் குறைவு என்று ஒரு பெரிய இணையச் சஞ்சிகை பத்துக்கு ஏழு கொடுத்திருந்தது. ஆனால் அதே சஞ்சிகை, அந்த உப்பளத்தின் இரண்டாம் வாசலில் நிற்கும் இரண்டு காவலாளிகளைப் பற்றி மட்டும் மூன்று பந்தி எழுதியிருந்தது.

அந்த இருவரும் புருஷன் பெண்சாதி. பேர் கிடையாது. சட்டையில் பதினான்கு, பதினைந்து என்று இலக்கம் மட்டும் இருக்கும். ஆறரை பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கிக்கொண்டால் அவர்கள் தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டே இருப்பார்கள்.

“கிடங்குச் சாவி எங்க?” என்பான் பதினான்கு.

“நேத்து நீங்கதானே பத்திரமா வைக்கிறன் எண்டு வாங்கினீங்க. பத்திரமாத்தான் இருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் கிடைக்காத அளவுக்குப் பத்திரமா.”

“உலகத்தை அழிக்கிறது வெள்ளிக்கிழமையாம்.”

“வெள்ளிக்கிழமை அம்மா வாறா.”

“அப்ப சனிக்கிழமைக்கு மாத்தச் சொல்லட்டோ?”

“சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கிற நாள். வீட்டில என்ன நடக்குதெண்டு உங்களுக்குத் தெரிஞ்சாத்தானே.”

விளையாட்டில் இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடும். பிரேசிலில் ஒரு பெண் இருவரையும் படமாக வரைந்து போட்டிருந்தாள். இன்னொருவர் நாற்பது நிமிடம் பீப்பாய்க்குப் பின்னாலேயே இருந்துவிட்டு, உலகத்தைக் காப்பாற்ற மறந்துபோனதாக எழுதியிருந்தார். விளையாடியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அந்த வாசலில் ஒரு குண்டுகூடச் சுடாமல் கடந்திருந்தார்கள்.

அந்தக் கதை முழுக்க மயூரதியின் வாயிலிருந்து வந்தது.

அவள் முன்னேஸ்வரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. சிவகரன் கொழும்பில் வேலை முடிந்து ரயிலால் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, கணினிக்கு முன்னால் இருக்கும் பின்னேரங்களில், செய்தவரைக்கும் விளையாடிப் பார்ப்பது அவளுடைய வேலை. அவளுக்குச் சுடத் தெரியாது, சுட மனமும் வராது. இரண்டாம் வாசலில் நின்றுவிடுவாள். “இவங்க ரெண்டு பேரும் நாள் முழுக்க நிண்டு என்னதான் கதைப்பாங்க?” என்று ஒருநாள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவளே இரண்டு பேருக்குமாகக் கதைக்கத் தொடங்கினாள். தேங்காய் துருவும்போதும், அலுமாரிக்குள் எதையாவது தேடும்போதும் ஒரு வரி வரும். அவன் ஓடிப்போய் அதை ஆங்கிலத்தில் தட்டிவைப்பான். நாலு வருடம் அப்படித்தான் போயிற்று.

விளையாட்டு வெளியாகிப் பேரெடுத்தபின், உடப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். மயூரதியின் தம்பி கிரிசாந்த் தொலைக்காட்சியில் ஒரு காணொளியைப் போட்டான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் பதினான்கும் பதினைந்தும் கதைப்பதை வாசித்து வாசித்துக் கண்ணீர் வரச் சிரித்தான்.

“அத்தான், உங்கட மண்டைக்குள்ள இவ்வளவு பகிடி இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே,” என்றான் கிரிசாந்த்.

எல்லோரும் சிரித்தார்கள். சிவகரனும் சிரித்தான். சோற்றுக் கோப்பையோடு நின்ற மயூரதி அதை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். பின்னேரம் புறப்படும் நேரத்தில், “நான் கொஞ்ச நாள் அம்மாவோட இருக்கிறன்,” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் கதைத்ததைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டோம், அதுதான் அவளுக்கு வெட்கமாய்ப் போயிற்று என்று அவன் நினைத்தான். தொலைபேசியில் அதையே சொல்லி மன்னிப்பும் கேட்டான். “வீட்டுக் கதையை வெளியில விட்டது பிழைதான், மயூ.” “அதுவோ பிழை?” என்றாள். பிறகு காஸ் சிலிண்டர் மாற்றியாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

விளையாட்டை வெளியிட்ட வெளிநாட்டுக் கம்பனியோ, இரண்டு காவலாளிகளுக்கும் புதிதாக ஆறு உரையாடல் வரப்போவதாக அறிவித்தே விட்டது. சிவகரன் வீட்டிலிருந்து எழுதினான். ரயிலில் நின்றுகொண்டு எழுதினான். எழுதியதைப் புத்தளத்தில் இருக்கும் லாபிருக்கு அனுப்பினான். விளையாட்டின் படங்களையெல்லாம் வரைந்தவன் லாபிர்.

“மச்சான், கோவிக்காத,” என்றான் லாபிர் தொலைபேசியில். “ரெண்டு பேரும் அரசாங்கக் கச்சேரியில விண்ணப்பம் நிரப்புற மாதிரிக் கதைக்கிறாங்க.”

“பதினைஞ்சு சொல்லுறது நல்லாயில்லையோ?”

“பதினைஞ்சு எங்கயடா இருக்கு இதில? பதினாலுதான் சீலையைக் கட்டிக்கொண்டு நிக்குது.”

சிவகரன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு சொல்லுக்கு மறுசொல் கேட்டு ஏழு வாரமாகியிருந்தது. அவன் என்ன சொன்னாலும் சுவர் சரி என்றது. சாவியை எங்கே வைத்தாலும் வைத்த இடத்திலேயே இருந்தது. அது இவ்வளவு துக்கமான காரியம் என்று அவனுக்கு முன்பு தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த கையோடு லாபிர் ஒரு செய்தி அனுப்பினான். பிடிக்கவில்லை என்று எழுதுபவர்களை மட்டும் தேடி வாசிப்பது அவனுடைய பழக்கம். “தமிழில ஒண்டு வந்திருக்கு. நீயே பார். என்ர பூனைக்கும் வெக்கமாப் போச்சு.”

எழுதிய கணக்கின் பேரைக் கண்டதும் சிவகரன் கதிரையில் இருந்துவிட்டான். நாலு வருடத்துக்கு முன்பு, விளையாடிப் பார்ப்பதற்காக மயூரதிக்கு அவனே திறந்து கொடுத்த கணக்கு அது. அறுபத்தொரு மணித்தியாலம் விளையாடியவர் என்று மேலே இருந்தது. பக்கத்தில், கட்டைவிரல் கீழே பார்த்தபடி.

‘சூடு நல்லா இருக்கு. லாபிரின் படங்கள் அதைவிட நல்லா இருக்கு. பதினாலும் பதினைஞ்சும் கதைக்கிறதைக் கேக்கத்தான் விளையாடுறம் எண்டு எல்லாரும் எழுதியிருக்கிறீங்க. முடிவில ஓடுற பெயர்ப் பட்டியலை நான் மூண்டு தரம் பாத்தன். இசை போட்டவர் இருக்கிறார். ஆங்கிலம் திருத்தினவர் இருக்கிறார். நன்றி சொல்லுற இடத்தில லாபிரின் பூனை இருக்கு. பதினைஞ்சு இல்லை.’

அவன் அதை எத்தனை தரம் வாசித்தான் என்று சொல்லமுடியாது. பதில் எழுத ஒரு பெட்டி இருந்தது. இரண்டு சொல் தட்டினான், அழித்தான். உலகமெல்லாம் பார்க்கும் இடத்தில் கேட்கிற காரியம் இல்லை இது.

சனிக்கிழமை காலை கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினான். காவலாளிகளின் கதை ஒரு வரியும் என்னுடையதல்ல, என் மனைவி மயூரதியுடையது, புதிய ஆறும் வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்கவேண்டும், அவள் மறுத்தால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று எழுதி, அவளுடைய முகவரியையும் போட்டு அனுப்பினான். பிறகு கணினியைப் பையில் வைத்துக்கொண்டு புத்தளம் பஸ்ஸில் ஏறி, பத்துளு ஓயாச் சந்தியில் இறங்கி, உடப்புக்குப் போகும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றான்.

வாசலில் மாமி தவமணி கருவாட்டுப் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ தம்பி. ஒரு போன் எடுத்திருந்தா இன்னும் ரெண்டு துண்டு மீன் போட்டிருப்பன்,” என்றாள். உள்ளே பார்த்து, “பிள்ளை, ஆர் வந்திருக்கிறதெண்டு பார்,” என்று குரல் கொடுத்தாள்.

“கண் தெரியுது அம்மா,” என்றாள் மயூரதி.

விறாந்தையில் மேசை போட்டு, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். அவன் எதிரே கதிரையை இழுத்து இருந்தான். தவமணி தேத்தண்ணியை வைத்துவிட்டு, கருவாட்டைக் காகம் தூக்குது என்று சொல்லிக்கொண்டு வெளியே போனாள். ஒரு காகத்தையும் காணவில்லை.

“வாசிச்சன்,” என்றான் அவன்.

“ஆயிரத்து நானூறு பேர் எழுதுறாங்க. என்ரதுதான் கண்ணில பட்டதோ?”

“ஆயிரத்து நானூறையும் நீயோ நீயோ எண்டுதான் பாத்தன்.”

அவள் சிவப்புப் பேனையால் ஒரு கணக்கைச் சரி போட்டாள்.

“உன்ட பேரை நான் பட்டியலில அடிச்சனான், மயூ. அடிச்சிட்டு எடுத்துப்போட்டன்.”

“ஏன்?”

“ரீச்சர்ட பேர் துவக்கு விளையாட்டில வந்தா பள்ளிக்கூடத்தில கதைப்பாங்க, இஞ்ச ஊருக்குள்ளயும் ஒரு மாதிரி நினைப்பாங்க எண்டு…”

“ஆரிட்டக் கேட்டீங்க?”

“ஒருத்தரிட்டயும் கேக்கல்ல.”

“நான் பக்கத்து அறையிலதான் இருந்தனான். பத்தடி இருக்குமோ? அந்தப் பத்தடியை நடந்து வந்து கேக்க ஏலாமப் போச்சு.”

தாள் ஒன்று காற்றில் பறக்கப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை வைத்தார்கள். அவள்தான் முதலில் கையை எடுத்தாள்.

“வெக்கமெண்டு நினைச்சீங்க,” என்றாள். “எல்லாரும் சிரிக்கேக்க எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமோ? கிரிசாந்த் உங்களைப் பாத்துச் சொன்னான். நீங்க என்னைப் பாப்பீங்க எண்டு நிண்டன். நீங்க பாக்கல்ல.”

வெளியே எங்கேயோ ஒரு வள்ளத்தின் இயந்திரம் இருமி இருமி நின்றது.

“இப்ப என்னத்துக்கு வந்தீங்க? ஆறு கதை வருமெண்டு கம்பனி சொல்லியிருக்கு. அதை வாங்கிட்டுப் போகவோ?”

“இல்லை. எழுதினது நானில்லை எண்டு காலையில அவங்களுக்கு எழுதிட்டன். இனி உன்னட்டத்தான் கேப்பாங்க. மாட்டன் எண்டு எழுதினாலும் அது உன்ட விருப்பம். நான் வந்தது, பேர் போடட்டோ எண்டு கேக்க.”

“உங்களுக்கு வந்த புகழ்?”

“அது என்ரயில்லையே.”

அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“போடுங்க,” என்றாள். “முழுப் பேரையும் போடுங்க. பிழையில்லாம.”

“எப்ப வீட்டுக்கு வாறாய்?”

“அதை இப்ப கேக்கவேண்டாம்.” கையை நீட்டினாள். “நீங்க எழுதிப் பாத்திருப்பீங்களே, அதைக் காட்டுங்க.”

கணினியைத் திறந்து கொடுத்தான். அவள் வாசித்தாள். முதலாவதில் உதட்டைக் கடித்தாள். மூன்றாவதில், “இது என்ன, நானோ, தபால் கந்தோர் அறிவித்தலோ?” என்றாள். ஐந்தாவதில் சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்க அவன் இன்னும் ஐம்பது மோசமான உரையாடல் எழுதத் தயாராக இருந்தான்.

ஆறாவதில் பதினைந்து இல்லை. அவளுக்கு வேறு வாசலுக்கு மாற்றம். பதினான்கு தனியே நின்று கையிலிருக்கும் கருவியில் கதைக்கிறான். ‘இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருத்தரும் வரல்ல. நான் சொல்லுறதெல்லாம் சரியாம். மறுத்துக் கதைக்க ஆளில்லை.’

மயூரதி அதை வாசித்தாள். திரும்ப மேலே போய் வாசித்தாள்.

“இதை நான் சொல்லல்லயே.”

“இல்லை.”

“இதை மாத்தவேண்டாம்,” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். “மற்ற அஞ்சையும் பாப்பம். நீங்க இஞ்சயே இருங்க. நீங்க பாத்துக்கொண்டிருந்தா எனக்கு வராது.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் திறந்திருந்தது. சிவகரன் விறாந்தையில் இருந்தபடி கேட்டான். முதலில் பதினைந்து கதைத்தாள், அது மயூரதியின் குரல்தான். பிறகு பதினான்கு கதைத்தான். சொல்லுக்கு முன்னால் ஒரு “அது வந்து” போட்டு, பாதியில் நின்று, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதற்கோ பதில் சொல்லி. அது சிவகரன்தான். தான் அப்படிக் கதைப்பது அவனுக்கே தெரியாது. நாலு வருடமாகத் தான்தான் அவளைக் கேட்டு எழுதுகிறோம் என்று நினைத்திருந்தான். அவளும் அவ்வளவு காலமும் அவனை இப்படிக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

“இஞ்சேருங்கோ,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “கோவத்தில வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா, நீங்க முதல் என்ன சொல்லுவீங்க?”

“அது வந்து…” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். நேர்மையாக யோசித்தான். “ஒண்டும் சொல்லமாட்டன். செருப்பைக் கழட்ட நிறைய நேரம் எடுப்பன்.”

கணினி விசைகளைத் தட்டும் சத்தம் வேகமாகக் கேட்டது. உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு.

“அஞ்சு மணி பஸ்ஸை விட்டா சந்திக்குப் போறது கஷ்டம். தெரியும்தானே?”

“தெரியும்.”

அவள் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. விசைச் சத்தம் நின்ற போதெல்லாம், அடுத்த கேள்வி வரும் என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.